லோன் சார்ஜ்: கடனாக வந்த சம்பளமும் இருபது ஆண்டு வரிக் கணக்கும்

2019 ஏப்ரல் 5 அன்று பிரிட்டனில் பல்லாயிரம் பேரின் பழைய கடன்கள் ஒரே நாளில் வருமானமாகிவிட்டன. 1999 ஏப்ரல் 6 முதல் சம்பளத்துக்குப் பதிலாக டிரஸ்ட் வழியாக வாங்கி, அன்றுவரை அடைக்காமல் வைத்திருந்த கடன் எவ்வளவோ அத்தனையையும் கூட்டி, 2018–19 என்ற ஒரே நிதியாண்டின் வருமானமாகக் கொண்டு வரி கட்ட வேண்டும் என்றது சட்டம். இதற்கு லோன் சார்ஜ் என்று பெயர். சுமார் 50,000 பேர் இதில் வருவார்கள் என்று வரித்துறையான ஹெச்.எம்.ஆர்.சி. அப்போது மதிப்பிட்டது. 2016 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்தார், 2017-ல் சட்டமானது. அதன்பிறகு இரண்டு மறுஆய்வுகள் நடந்துவிட்டன. விவகாரம் இன்னும் முழுதாக ஓயவில்லை.

அந்தப் பணம் சம்பளம்தான், அதற்கு வரி உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வரியை முதலில் கட்ட வேண்டியவர் ஒருவர், கடைசியில் நோட்டீஸ் போனது வேறொருவருக்கு. வரித்துறை கைகட்டி இருந்த ஆண்டுகளின் செலவும் அந்த இரண்டாமவர் தலையிலேயே விழுந்தது. இந்த வழக்கில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

திட்டம் எப்படி ஓடியது

இங்கே கான்ட்ராக்டர் என்றால் கட்டடம் கட்டுபவர் அல்ல. வங்கியிலோ அரசுத் துறையிலோ ஆறு மாதம், ஒரு வருடம் என்று தினக் கட்டணத்துக்கு வேலை பார்க்கும் கணினி வல்லுநர், திட்ட மேலாளர், பொறியாளர். ஏஜென்சி மூலம் போகும் நர்ஸ்கள், சமூகப் பணியாளர்கள், தற்காலிக ஆசிரியர்களும் இதில் சிக்கினார்கள். வரித்துறையின் கணக்குப்படி பெரும்பங்கு வணிகச் சேவைத் துறைகளில் இருந்தவர்கள்; மருத்துவம், கல்வி இரண்டும் சேர்ந்து 3 சதவீதத்துக்கும் குறைவு. பத்திரிகைகளில் நர்ஸ் கதைகள் அதிகம் வந்ததால் இதைச் சொல்கிறேன்.

இவர்கள் முன்பெல்லாம் தனக்கென ஒரு சின்ன லிமிடெட் கம்பெனி வைத்துக்கொண்டு, குறைந்த சம்பளம், மீதி டிவிடெண்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். 2000 ஏப்ரலில் ஐ.ஆர்.35 என்ற விதி வந்தது. கம்பெனி என்ற திரையை விலக்கிப் பார்த்தால் நீ ஊழியர் மாதிரிதான் வேலை செய்கிறாய் என்றால், ஊழியர் மாதிரியே வரி கட்டு என்பது அதன் சாரம். யார் அந்த விதிக்குள் வருவார், யார் வரமாட்டார் என்பது மட்டும் தெளிவாக இல்லை. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த இருவருக்கு இரண்டு ஆடிட்டர்கள் இரண்டு பதில் சொன்னார்கள். எப்போது வேண்டுமானாலும் பழைய ஆண்டுகளுக்கு விசாரணை வரலாம் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

அந்தப் பயத்தில்தான் திட்டம் விற்றவர்கள் கடை போட்டார்கள். உன் கம்பெனியை மூடிவிடு, எங்கள் கம்பெனியில் ஊழியராகச் சேர்ந்துகொள், ஐ.ஆர்.35 தொல்லையே இல்லை, கையில் 80 முதல் 90 சதவீதம் வரும் என்றார்கள். வங்கி ஏஜென்சிக்குப் பணம் தரும். ஏஜென்சி இந்த அம்பர்லா கம்பெனிக்குத் தரும்; கான்ட்ராக்டரைத் தன் ஊழியராகக் காட்டிச் சம்பளம் தரும் இடைக் கம்பெனிக்கு அப்படிப் பெயர். அந்தக் கம்பெனி பெரும்பாலும் மான் தீவு, ஜெர்சி போன்ற இடங்களில் பதிவானது. அது தன் கமிஷனை எடுத்துக்கொண்டு, குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய ஒரு தொகையை மட்டும் சம்பளம் என்று காட்டி, அதற்குரிய வரியைப் பிடித்துவிட்டுத் தரும். மீதி ஒரு டிரஸ்டுக்குப் போகும். டிரஸ்ட் அதை அந்த ஊழியருக்கே கடனாகக் கொடுக்கும். கடனுக்கு வருமான வரி கிடையாது அல்லவா. திருப்பிக் கேட்கும் எண்ணம் யாருக்கும் கிடையாது. விற்கும்போதே அப்படித்தான் சொன்னார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே மறக்கக்கூடாது. பலர் இந்தக் கடனை வருமான வரிப் படிவத்தில் காட்டினார்கள். வேலையால் கிடைத்த வட்டியில்லாக் கடனுக்கு, வட்டி மிச்சமானதை ஒரு சலுகையாகக் கருதிச் சிறு வரி உண்டு, அதையும் கட்டினார்கள். 2004-ல் வந்த விதிப்படி வரித் தவிர்ப்புத் திட்டங்களை விற்பவர் வரித்துறையிடம் பதிவு செய்து ஒரு குறிப்பு எண் வாங்க வேண்டும். அந்த எண்ணையும் படிவத்தில் எழுதினார்கள். எண் கிடைத்துவிட்டதையே 'வரித்துறை ஒப்புதல்' என்று சொல்லி விற்ற புண்ணியவான்களும் உண்டு. கூடவே மூத்த வழக்கறிஞர் ஒருவரின் சட்டக் கருத்து என்று ஒரு தடித்த கோப்பு. அந்தக் கோப்பை வாங்கிப் படித்தவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஆக, வரித்துறைக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த பணம் இல்லை இது. அதே நேரம், அறுபதாயிரம் பவுண்டு வேலைக்குப் பத்தாயிரம் சம்பளம், நாற்பதாயிரம் அடைக்கத் தேவையில்லாத கடன் என்றால், கணினி நிரல் எழுதத் தெரிந்த ஒருவருக்கு அது விசித்திரமாகத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றியிருக்கும். எல்லோரும் போகிறார்கள், ஏஜென்சியே கைகாட்டுகிறது, பெரிய வழக்கறிஞர் சரி என்கிறார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். வரித்துறையே தன் வேலைக்கு எடுத்த கான்ட்ராக்டர்களில் சிலர் இதே திட்டங்களில் இருந்ததைப் பின்னாளில் ஒப்புக்கொண்டது.

நீதிமன்றங்கள் சொன்னது

சட்டம் அன்றே தெளிவாக இருந்தது என்பது வரித்துறையின் வாதம். வழக்குகளின் வரிசையைப் பார்த்தால் அவ்வளவு தெளிவு தெரியவில்லை. 2008-ல் செம்ப்ரா மெட்டல்ஸ் வழக்கில், டிரஸ்டுக்குப் போன பணமும் அங்கிருந்து வந்த கடனும் ஊழியரின் சம்பளம் ஆகாது என்றே முடிவானது. அடுத்த ஆண்டு வரித்துறை, இத்தகைய டிரஸ்ட் ஏற்பாடுகளை ஏற்கமாட்டோம் என்று ஒரு பொது எச்சரிக்கை வெளியிட்டது. 2010 டிசம்பர் 9-ல் புதிய சட்டத்தின் வரைவு வந்தது; 2011-ல் அது சட்டமாகி, மூன்றாமவர் வழியாக வரும் இத்தகைய பணத்துக்கு நேரடியாக வரி போட்டது. திட்டம் விற்றவர்கள் காகிதங்களைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு அதற்கு அப்புறமும் விற்றார்கள்.

பெரிய வழக்கு கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கால்பந்து கிளப்புடையது. 2001 முதல் 2010 வரை சுமார் 4 கோடியே 70 லட்சம் பவுண்டு டிரஸ்டுகள் வழியாக வீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கடனாகப் போனது. 2012-ல் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் கிளப் பக்கம் ஜெயித்தது. 2014-ல் மேல் தீர்ப்பாயத்திலும் வரித்துறைக்குத் தோல்வி. 2015-ல் ஸ்காட்லாந்தின் உயர் அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. 2017 ஜூலை 5-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக வரித்துறைக்கே தீர்ப்பளித்தார்கள். உழைப்புக்காகக் கொடுத்த பணம் மூன்றாமவர் கைக்குப் போனாலும் அது சம்பளமே, டிரஸ்டுக்குப் போன அந்த நேரத்திலேயே முதலாளி வரி பிடித்திருக்க வேண்டும் என்பது லார்டு ஹாட்ஜ் எழுதிய தீர்ப்பின் சாரம்.

அந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு முறை படியுங்கள். வரி பிடிக்க வேண்டியவர் முதலாளி. கான்ட்ராக்டர் விஷயத்தில் முதலாளி என்பது அந்த அம்பர்லா கம்பெனி. தீர்ப்பு வந்தபோது அந்தக் கம்பெனிகளில் பல கலைக்கப்பட்டுவிட்டன. மீதி கடல் கடந்து இருந்தன. லோன் சார்ஜ் சட்டமும் ஏட்டில் முதலாளியைத்தான் முதலில் கேட்கிறது. முதலாளி இல்லை அல்லது கைக்கு எட்டவில்லை என்றால் ஊழியரைக் கேட்கும். ஊழியரோ லண்டனிலும் லீட்ஸிலும் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, மாறாத முகவரியில் இருந்தார். பணத்தை அனுப்பிய வங்கிக்கோ கைகாட்டிய ஏஜென்சிக்கோ நோட்டீஸ் இல்லை.

முதலாளி பிடிக்காமல் விட்ட வரியை ஊழியரிடம் கேட்கலாமா என்பதே தனி வழக்காக நடந்தது. முதலாளிக்குரிய பிடித்தக் கடமையைத் தன் விருப்புரிமையில் விலக்கிவிட்டு ஊழியரிடம் நேராகப் போகும் அதிகாரம் வரித்துறைக்கு உண்டு என்று 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அந்தக் கதவு அத்தோடு கிட்டத்தட்ட மூடியது.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். இத்தகைய திட்டங்களிலிருந்து வரித்துறை வசூலித்ததில் 80 சதவீதத்துக்கும் மேல் முதலாளிகளிடமிருந்து வந்ததாக அரசு சொல்கிறது. அது உண்மை. ஆனால் அந்த முதலாளிகள் தங்கள் இயக்குநர்களுக்கும் மூத்த அதிகாரிகளுக்கும் தாங்களே டிரஸ்ட் வைத்துப் பணம் கொடுத்த நிறுவனங்கள், முகவரி உள்ளவர்கள். கான்ட்ராக்டர்களின் முதலாளிகள் அந்தக் கணக்கில் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள்.

தேதி தாண்டிய ஆண்டுகள்

வரித்துறை ஒருவரின் பழைய கணக்கைத் திறக்கக் காலவரம்பு உண்டு. படிவம் கொடுத்து 12 மாதத்துக்குள் விசாரணை தொடங்கலாம். அதைத் தவறவிட்டால், புதிதாக ஏதாவது தெரிய வந்திருந்தால் 4 ஆண்டு, கவனக்குறைவு என்றால் 6, வேண்டுமென்றே மறைத்தது என்றால் 20. கடனையும் திட்ட எண்ணையும் படிவத்தில் எழுதியவரிடம் 'புதிதாகத் தெரிந்தது' என்று சொல்வது கடினம். அதனால் ஏராளமான ஆண்டுகள் வரித்துறையின் கையை விட்டுப் போயிருந்தன. லோன் சார்ஜ் அந்த வரம்புகளைத் தொடவே இல்லை; சுற்றிக்கொண்டு போனது. நாங்கள் 2003-க்கு வரி போடவில்லை, 2019-ல் நிலுவையில் இருக்கும் கடனுக்குத்தான் போடுகிறோம் என்றது அரசு. அதனால் இது முன்தேதியிட்ட வரி இல்லையாம்.

நம்மூர் வாசகர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது. 2012-ல் வோடஃபோன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற கையோடு இந்திய அரசு வருமான வரிச் சட்டத்தைப் பின்தேதிக்குத் திருத்தியது. அது 'விளக்கம்' மட்டுமே என்றார்கள். 2021-ல் அந்தத் திருத்தத்தை அரசே விலக்கிக்கொண்டது. அங்கே எதிரே நின்றது ஒரு பன்னாட்டு நிறுவனம். ஹேக் நகரின் சர்வதேச நடுவர் மன்றம் வரை போக அதனிடம் பணம் இருந்தது.

பிரிட்டனிலும் சும்மா இருக்கவில்லை. 2018 டிசம்பரில் பிரபுக்கள் சபையின் பொருளாதார விவகாரக் குழு வரித்துறையின் அதிகாரங்களைப் பற்றிக் கடுமையான அறிக்கை கொடுத்தது. நாடாளுமன்றத்தில் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் சேர்ந்த குழு ஒன்று உருவானது. பாதிக்கப்பட்டவர்கள் அமைப்பாகத் திரண்டு தங்கள் எம்.பி.க்களுக்கு எழுதித் தள்ளினார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

எண்ணில் பார்த்தால்தான் இது பிடிபடும். கீழே உள்ளவர் கற்பனை ஆள், கணக்கு என்னுடையது, எளிமைக்காக எல்லா ஆண்டுக்கும் 2018–19 வரி விகிதங்களையே வைத்துக்கொள்கிறேன்.

ஏஜென்சி அவருக்காக ஆண்டுக்கு 60,000 பவுண்டு தருகிறது. திட்டக் கம்பெனி 10,000 எடுத்துக்கொள்கிறது. சம்பளம் 10,000, கடன் 40,000. கையில் 50,000. ஐந்து ஆண்டு இப்படி ஓடுகிறது. ஒழுங்கான அம்பர்லா கம்பெனியில் வரி, தேசியக் காப்பீடு (சம்பளத்தோடு கட்டும் சமூகப் பாதுகாப்புச் சந்தா) எல்லாம் பிடித்திருந்தால் கையில் 38,000-க்குச் சற்று மேல் வந்திருக்கும். ஆக அவருடைய ஆதாயம் ஐந்து ஆண்டில் 57,000 பவுண்டை ஒட்டி. திட்டம் விற்றவரின் ஆதாயம் 50,000. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏய்த்த வரியில் கிட்டத்தட்டச் சரிபாதிப் பங்குதாரர் அவர்.

இப்போது 2018–19. நம் ஆள் ஒழுங்கான வேலையில் 40,000 பவுண்டு சம்பளத்தில் இருக்கிறார். லோன் சார்ஜ் பழைய 2 லட்சம் கடனை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்க்கிறது. மொத்தம் 2,40,000. ஒரு லட்சத்தைத் தாண்டினாலே வரிவிலக்குத் தொகை கரையத் தொடங்கும். இவருக்கு முழுதும் போய்விட்டது. 1,50,000-க்கு மேல் 45 சதவீதம். கணக்குப் போட்டால், சாதாரண வரிக்கு மேல் கூடுதலாக 88,000 பவுண்டு வருகிறது. அதே 40,000 கடனை அந்தந்த ஆண்டிலேயே சம்பளமாகப் பார்த்து வரி போட்டிருந்தால் ஆண்டுக்கு 8,360. ஐந்தாண்டுக்கு 41,800 மட்டுமே.

அதாவது உரிய நேரத்தில் கேட்டிருந்தால் ஆகியிருக்கும் வருமான வரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாற்பதாயிரத்துச் சொச்சம் கட்டியிருந்தால், தேசியக் காப்பீடு தவறிப் போனதால் அவருக்கு அப்போதும் கொஞ்சம் லாபம்தான். 88,000 கட்டும்போது, திட்டத்துக்கே போகாமல் இருந்ததைவிட 30,000 பவுண்டு மோசமான நிலைக்குப் போகிறார். விற்றவரின் 50,000-த்தை யாரும் தொடவில்லை. வரி ஏய்ப்பைத் தடுக்கும் சட்டம் என்றால், ஏய்ப்பின் மொத்தச் செலவும் ஒருவரிடமும் மொத்த வருமானமும் இன்னொருவரிடமும் தங்கும்படியா அது அமைய வேண்டும்?

இன்னொரு கொடுமை. லோன் சார்ஜ் கட்டினால் கடன் ரத்தாகாது. வரிக்கு அது சம்பளம், பத்திரத்தில் அது இன்னும் கடன். சில டிரஸ்டுகள் தங்கள் கடன் கணக்குகளை வேறு நிறுவனங்களுக்கு விற்றன. வாங்கிய நிறுவனங்கள் பழைய ஒப்பந்தத்தைக் காட்டி, பணத்தைக் கட்டு என்று கடிதம் அனுப்பின. ஒரே பணத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் நோட்டீஸ் வாங்கியவர்கள் உண்டு.

கடிதங்கள் வீட்டுக்குள் என்ன செய்தன என்பதை எண்ணில் அடக்க முடியாது. இந்த விவகாரத்தோடு தொடர்புடைய பத்துத் தற்கொலைகளை வரித்துறையே காவல்துறை நடத்தையைக் கண்காணிக்கும் சுயாதீன அமைப்புக்கு அனுப்பி வைத்தது. குடியிருக்கும் ஒரே வீட்டை விற்கச் சொல்லமாட்டோம், தவணையில் கட்டலாம் என்று வரித்துறை உறுதி சொல்லித்தான் இருந்தது. நோட்டீஸைப் பிரித்தவர் கண்ணில் முதலில் பட்டது அந்த உறுதி அல்ல, கீழே இருந்த மொத்தத் தொகை.

இரண்டு மறுஆய்வுகள்

2019 செப்டம்பரில், தேசியத் தணிக்கை அலுவலகத்தின் முன்னாள் தலைவர் சர் அமையஸ் மோர்ஸிடம் மறுஆய்வை ஒப்படைத்தார்கள். டிசம்பர் 20-ல் அறிக்கை வந்தது. மோர்ஸ் கோடு போட்ட இடம் 2010 டிசம்பர் 9. அந்தத் தேதிக்கு முன் சட்டம் தெளிவில்லை, ஆகவே அதற்கு முந்தைய கடனுக்கு லோன் சார்ஜ் கூடாது என்றார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும், படிவத்தில் போதுமான விவரம் கொடுத்தும் வரித்துறை நடவடிக்கை எடுக்காமல் விட்டிருந்தால் 2016 வரையிலான கடன்களுக்குக் கூடாது என்றார். மூன்று ஆண்டுக்குப் பிரித்துக் காட்டலாம் என்றார். அவருடைய இருபது பரிந்துரைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அரசு ஏற்றது. 30,000 பேருக்கு மேல் பலன், அதில் 11,000 பேர் முழுதாக விடுபடுவார்கள் என்று அரசு சொன்னது.

நல்ல அறிக்கைதான். ஆனால் அந்த மூன்றாண்டுப் பிரிப்பை மேலே உள்ள நம் ஆளுக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 66,667 சேர்ந்தால் மொத்தம் 1,06,667. சேர்ந்ததில் பெரும்பகுதிக்கு இன்னும் 40 சதவீத வரிதான். 45-ஐத் தொடமாட்டார், அவ்வளவுதான். 88,000 என்பது 80,000-ஐ ஒட்டி இறங்கும். கொஞ்சம் குறைகிறது என்பதற்கு மேல் சொல்ல முடியாது. நடுத்தர வருமானக்காரருக்கு வேண்டியிருந்தது அந்தந்த ஆண்டின் விகிதத்தில் கணக்கு, அது கிடைக்கவில்லை. 2010-க்கு முன் மட்டும் கடன் வாங்கியவர் தப்பினார், 2012-ல் முதன்முதலாக ஏஜென்சி கைகாட்டிச் சேர்ந்தவர் மாட்டினார். சட்டத்தின் பார்வையில் அதில் தர்க்கம் இருக்கிறது. 2012-ல் சேர்ந்தவருக்கு விற்கப்பட்டது என்னவோ அதே பழைய சரக்குதான், அதே வாக்குறுதிகளோடு.

அடுத்த மறுஆய்வு ஐந்து ஆண்டு கழித்து. 2024 அக்டோபர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தார். 2025 ஜனவரியில் ரே மெக்கான் நியமிக்கப்பட்டார். வரித்துறையில் இருந்து, பிறகு பட்டய வரி ஆலோசகர்களின் அமைப்புக்குத் தலைவராகவும் இருந்தவர். அவருக்குக் கொடுத்த வேலை குறுகியது: லோன் சார்ஜ் சரியா தவறா என்று பார்க்க வேண்டாம், இன்னும் தீர்க்காதவர்கள் தீர்த்துக்கொள்ள வழி சொல்லுங்கள். அந்த வரம்பை எல்லாக் கட்சி எம்.பி.க்கள் குழு அப்போதே கடுமையாக விமர்சித்தது. அடிப்படைக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நடத்துவதை மறுஆய்வு என்று சொல்வது எனக்கும் உறுத்துகிறது.

ஆனாலும் 2025 நவம்பர் பட்ஜெட்டோடு வந்த அறிக்கை எதிர்பார்த்ததைவிடத் துணிச்சலாக இருந்தது. கடனை வாங்கிய அந்தந்த ஆண்டின் விகிதத்தில் கணக்கிடுவது, தாமத வட்டியை விடுவது, திட்டம் விற்றவருக்குக் கொடுத்த கமிஷனில் ஒரு பகுதியையாவது கழித்துக்கொள்வது, கட்டும் சக்திக்கேற்பத் தவணை. அரசு ஒரு பரிந்துரையைத் தவிர மற்றவற்றை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொருவரின் பாக்கியிலும் முதல் 5,000 பவுண்டைத் தள்ளுபடி செய்வதாகவும் சேர்த்துச் சொன்னது. பெரும்பாலோருக்குப் பாதிக்கு மேல் குறையும், மூன்றில் ஒரு பங்கினரை ஒட்டியவர்களுக்கு முழுதும் போய்விடும் என்பது அரசின் மதிப்பீடு.

கமிஷனைக் கழிப்பது எனக்குப் பிடித்த அம்சம். நம் மாதிரி ஆளின் 50,000 பவுண்டு அவர் கைக்கே வராத பணம் என்பதை அரசு முதல்முறையாகக் கணக்கில் எடுக்கிறது. அந்தந்த ஆண்டு விகிதத்தைப் பொறுத்தவரை, 2016-லேயே இப்படி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் பல குடும்பங்கள் நோட்டீஸ் வந்த மாதமே கட்டித் தொலைத்திருப்பார்கள்; வரித்துறைக்கும் பணம் சீக்கிரம் வந்திருக்கும்.

விற்றவர்கள்

இந்தப் பகுதி சிறியதாக இருப்பதற்குக் காரணம், சொல்ல அதிகம் இல்லாததுதான். 2021 நிதிச் சட்டத்தில் திட்டத்தை விற்பதை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸ் அதிகாரம் வலுப்பட்டது. 2022 முதல் திட்டங்களின் பெயரையும் விற்பவர் பெயரையும் வரித்துறை வெளியிடுகிறது. ஒரு பெயர் வெளிவரும்போது கம்பெனி மூடியிருக்கும்; அதே ஆட்கள் வேறு பெயரில் தொடங்கியிருப்பார்கள். கடன் என்ற சொல் போய், முன்பணம், மானியம், ஆப்ஷன் என்று காகிதத்தில் வேஷம் மாறுகிறது. லோன் சார்ஜிலிருந்து தப்பிக்க வழி என்று சொல்லி இன்னொரு திட்டத்தையும் விற்றார்கள். முதல் திட்டத்தில் விழுந்தவர்களில் சிலர் அதிலும் பணம் கட்டினார்கள்.

உண்மையில் சங்கிலியை அறுக்கக்கூடிய மாற்றம் 2026 ஏப்ரலில் இருந்து அமலாகும்படி வைத்த விதிதான். அம்பர்லா கம்பெனி வரியைப் பிடித்துக் கட்டாவிட்டால் அந்தப் பொறுப்பு ஏஜென்சிக்கும், ஏஜென்சி இல்லாத இடத்தில் வேலை கொடுத்த நிறுவனத்துக்கும் போகும். கைகாட்டியவர் பில் கட்ட வேண்டும் என்றால் கைகாட்டும் முன் விசாரிப்பார். ரேஞ்சர்ஸ் தீர்ப்பு சொன்ன 'பணம் போகும் நேரத்திலேயே பிடி' என்பதை நடைமுறையில் செய்ய வைப்பது இதுதான்.

பிரிட்டனில் தினக் கட்டண வேலையில் இருக்கும் நம் ஆட்கள் செய்ய வேண்டியது: சம்பளச் சீட்டில் உள்ள மொத்தத்தையும் வங்கிக் கணக்கில் விழும் மொத்தத்தையும் மாதாமாதம் ஒப்பிடுங்கள். சீட்டில் இருப்பதைவிட வங்கியில் அதிகம் விழுந்தால் உடனே வெளியே வாருங்கள். 'சட்டக் கருத்து' கோப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். பழைய திட்டத்தில் இருந்தவராக இருந்தால் கடன் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, திட்ட எண் எழுதிய பழைய படிவம், கமிஷன் கட்டிய சான்று இவற்றைத் தேடி எடுத்து வையுங்கள்.  எந்த ஆண்டுக்கு விசாரணை திறந்திருக்கிறது, எதற்கு இல்லை என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் தீர்வு வேறு.

இந்தச் சலுகைகள் எல்லாம் இன்னும் தீர்க்காமல் இருப்பவர்களுக்கே. 2017 நவம்பரில் வரித்துறை நிபந்தனைகளை வெளியிட்டதும், பயந்தோ நல்ல பிள்ளையாகவோ வீட்டை அடகு வைத்தாவது கட்டி முடித்தவர்களுக்கு இதில் எதுவும் இல்லை. 2019-ல் மோர்ஸ் அறிக்கைக்குப் பிறகு, கட்டாயம் இல்லாமலேயே கட்டியிருந்த ஆண்டுகளுக்கான தொகையை வரித்துறை திருப்பித் தந்தது. அதே மாதிரி இப்போது ஏன் முடியாது என்று அவர்கள் கேட்கிறார்கள். மெக்கானுக்குக் கொடுத்த பணி வரம்பில் அந்தக் கேள்வி இல்லை. அமைச்சகமும் அதைக் கையில் எடுக்கவில்லை.